எந்த வண்டிக்கு எந்த ஆக்டேன்?

"ஏனுங்கண்ணா, நூறு ஆக்டேன் பெட்ரோல் போட்டா வண்டி பறக்குமாமுங்களே, நெசமுங்களா?"

என் ஒர்க்ஷாப்பில் வாரத்துக்கு இரண்டு பேராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் கடை. நீலகிரி ஏறப் போகிற வண்டிகளும், ஏறி இறங்கி வாயைப் பிளந்துகொண்டு வருகிற வண்டிகளும்தான் நமக்குப் பிழைப்பு. ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவைத் தம்பிகளிடம், "எனக்குக் கவிதையெல்லாம் வராதுப்பா, பெட்ரோல்தான் வரும்" என்றேன். "அதையே எழுதிக் கொடுங்கண்ணா" என்றார்கள். எழுதுகிறேன்.

ஆட்டோமொபைல் பிரிவில் படிக்கும் தம்பி தங்கைகளே, டிப்ளமோ முடித்ததும் உங்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சர்வீஸ் சென்டரில் நிற்பீர்கள். மேலே சொன்ன கேள்வி உங்களிடமும் வரும். கேட்கிறவர் சொந்தக்கார் வைத்திருப்பவராக இருந்தால் நீங்கள் சொல்லும் பதிலால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. கால்டாக்ஸிக்காரராக இருந்தால்? லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10 லிட்டர், மாதம் 25 நாள் ஓட்டம். கணக்குப் போட்டால் 2,000 ரூபாய். அவர் வீட்டில் அது ஒரு பிள்ளையின் டியூஷன் காசு. ஆகவே தெரிந்து சொல்ல வேண்டும்.

எண் எதைச் சொல்கிறது?

ஆக்டேன் எண் பெட்ரோலின் பொறுமையை அளக்கிற எண். எவ்வளவு நசுக்கினாலும், எவ்வளவு சூடேறினாலும், ஸ்பார்க் வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கிற குணம். அவ்வளவுதான். அந்தப் பெட்ரோலில் எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது. நம்முடைய பங்க்குகளில் விலை கூடிய பெட்ரோலுக்கு "ஸ்பீட்", "பவர்" என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்துத்தான் பாதிக் குழப்பம்.

சிலிண்டருக்குள் நடப்பதைப் பார்ப்போம். பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெட்ரோல் ஆவியையும் நசுக்குகிறது. உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே ப்ளக்கில் பொறி விழுகிறது. தீ அந்த இடத்திலிருந்து கிளம்பிச் சீராகப் பரவிச் சுவர் வரைக்கும் போக வேண்டும். தீ பரவப் பரவ, இன்னும் எரியாமல் மூலையில் கிடக்கும் மிச்சக் கலவை மேலும் நசுங்குகிறது, மேலும் சூடாகிறது. பொறுமை உள்ள பெட்ரோல் தீ தன்னிடம் வந்து சேரும்வரை காத்திருக்கும். பொறுமை இல்லாதது அதற்கு முன்பே மொத்தமாகப் பற்றி வெடித்துவிடும்.

தீபாவளிக்குச் சரவெடி கொளுத்துகிறோம் அல்லவா? நுனியில் பற்றவைத்தால் ஒவ்வொன்றாக வரிசையாய் வெடித்துக்கொண்டே போகும். போகிற வழியில் மிச்சச் சரம் முழுக்க ஒரே நொடியில் வெடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் நாக்கிங். டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கின மாதிரி 'கிணிங் கிணிங்' என்று சத்தம் வரும். கேட்க ஆசைப்படுகிறவர்கள் பழைய கார்புரேட்டர் வண்டி ஒன்றில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, பர்லியாறு தாண்டிக் குன்னூர் ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பாருங்கள். வண்டி உங்களுடையதாக இருந்தால் மட்டும்!

சத்தம் பெரிய விஷயமில்லை. சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் தலையையும் ஒட்டி எப்போதும் ஒரு மெல்லிய வாயுப் படலம் இருக்கும். உள்ளே இருக்கும் கொடும் சூட்டிலிருந்து அலுமினியத்தைக் காப்பாற்றுவது அதுதான். நாக்கிங்கின் அதிர்வலை அந்தப் படலத்தைக் கிழித்துவிடுகிறது. சூடு நேராக உலோகத்தில் இறங்குகிறது. பிஸ்டனின் ஓரம் கறையான் அரித்த மாதிரி ஆகும், ரிங் உட்காரும் பள்ளத்துக்கு நடுவே இருக்கும் மேடு உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். என் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க அப்படிப்பட்ட பிஸ்டன் ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். அதன் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

அளவுகோல் வந்த கதை

பெட்ரோலின் இந்தக் குணத்தை அளக்க வழி தேடியவர்களில் அமெரிக்காவின் கிரஹாம் எட்கர் முக்கியமானவர். 1926-ல் அவர் இரண்டு திரவங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று ஐசோ ஆக்டேன். எளிதில் நாக் ஆகாது, அதற்கு 100 மார்க். மற்றது நார்மல் ஹெப்டேன். தொட்டதற்கெல்லாம் வெடிக்கும், அதற்கு 0. நம் பெட்ரோல் 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்கிறது என்று பொருள். அதற்குள் நிஜமாகவே 91 சதவீதம் ஆக்டேன் இருக்கிறது என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.

சோதனை செய்வது ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில். ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஷன் விகிதத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் வசதி உண்டு. நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டி அளந்தால் ரிசர்ச் ஆக்டேன். 900 சுற்றில், உள்ளே போகும் கலவையை 149 டிகிரி வரை சூடேற்றிக் கடுமையாக அளந்தால் மோட்டார் ஆக்டேன். ஒரே பெட்ரோலுக்கு இரண்டாவது எண் சாதாரணமாக எட்டு, பத்து குறைவாக வரும். இந்தியாவில் பங்க்கில் சொல்வது ரிசர்ச் எண். அமெரிக்காவில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போடுகிறார்கள். "என் மச்சினர் அமெரிக்காவிலே 87 போட்டுத்தான் ஓட்டுறார், இங்கே எதுக்கு 91?" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த 87-ம் நம்முடைய 91-ம் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. வெளிநாட்டு வண்டியின் புத்தகத்தைப் புரட்டும்போது எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலின் பொறுமையைக் கூட்ட அந்தக் காலத்தில் ஈயத்தைக் கலந்தார்கள். தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் கண்டுபிடித்த வழி. மலிவு, ஆனால் விஷம். கேடலிடிக் கன்வர்ட்டரையும் கெடுத்துவிடும். நம் நாட்டில் 1995-ல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது, 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுதும் அதுவே ஆனது. உலகத்திலேயே கடைசியாகக் காருக்கு ஈயப் பெட்ரோல் விற்ற அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

கம்ப்ரஷன் கணக்கு

ஏன் இந்தப் பாடு? கம்ப்ரஷன் விகிதத்தைக் கூட்டினால் திறன் கூடும் என்பதுதான் காரணம். தெர்மல் என்ஜினியரிங்கில் படித்த ஓட்டோ சுழற்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விகிதத்தின் 0.4 அடுக்கை எடுத்து, ஒன்றை அதனால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் திறன். மாருதி 800-ன் பழைய என்ஜினுக்கு விகிதம் 8.7. கணக்குப்படி 58 சதவீதம் வரும். விகிதம் 12 என்றால் 63 சதவீதம். நிஜ என்ஜினில் இதில் பாதியை ஒட்டித்தான் கிடைக்கும் என்றாலும் கூடுகிற போக்கு உண்மை.

இனி இதற்குக் கொடுக்கிற விலையைப் பாருங்கள். உள்ளே போகும் காற்று 40 டிகிரி என்றால், அதாவது 313 கெல்வின் என்றால், 8.7 விகிதத்தில் நசுக்கி முடிக்கும்போது ஏட்டுக் கணக்குப்படி ஏறக்குறைய 470 டிகிரி. 12 விகிதத்தில் 570 டிகிரி. பொறி விழுவதற்கு முன்பே நூறு டிகிரி கூடுதல் சூடு! அதைப் பொறுத்துக்கொள்கிற பெட்ரோல் வேண்டும். உயர் ஆக்டேனின் பயன் இவ்வளவுதான். உயர்ந்த விகிதம் கொண்ட என்ஜினைக் கட்ட அது அனுமதி கொடுக்கிறது. சக்தி வருவது என்ஜினின் வடிவத்தால். 8.7 என்ஜினில் 100 ஆக்டேன் ஊற்றுவது, கொக்கியே இல்லாத சுவரில் மாட்டுவதற்குச் சட்டை வாங்குகிற மாதிரி.

"அப்படின்னா 10-க்கு மேல் விகிதம் இருந்தா 95 போடணும்னு சொல்றாங்களே?" என்று கேட்பீர்கள். பழைய புத்தகங்களில் அப்படி ஒரு பட்டியல் உண்டு, கார்புரேட்டர் காலத்துக்கு அது சரி. 12 விகிதத்தில் இந்தியாவுக்கென்று கட்டிய என்ஜின்கள் 91-ஐக் குடித்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடியிருக்கின்றன. எரியறையின் வடிவம், துல்லியமான இஞ்ஜக்ஷன், வால்வு டைமிங், நல்ல கூலிங் எல்லாம் சேர்ந்து அந்தக் காரியத்தைச் செய்கின்றன. எனவே விகிதத்தை மட்டும் பார்த்துப் பெட்ரோல் சொல்லாதீர்கள். டேங்க் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள், ஓனர் புத்தகத்தைப் பாருங்கள். "குறைந்தபட்சம் 91" என்றிருந்தால் 91 போதும். "குறைந்தபட்சம் 95" என்றிருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது. "95 பரிந்துரைக்கப்படுகிறது, 91-ம் போடலாம்" என்கிற மாதிரி எழுதியிருந்தால் அது மூன்றாவது ரகம். 91-லும் கெடாது, 95-ல் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும்.

அந்த மூன்றாவது ரகம் எப்படி? நாக் சென்சாரால்தான். என்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய பீசோ படிகம் அது. நாக்கிங் அதிர்வு வந்ததும் ஈ.சி.யு.வுக்குச் சொல்லும், அது பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தும். சத்தம் நின்றதும் மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவரும். குறைந்த ஆக்டேன் போட்டால் வண்டி உடையாமல் தப்பிக்கிறது, ஆனால் தாமதத்தால் இழுவையும் மைலேஜும் குறைகின்றன. அதிக ஆக்டேன் போட்டால், ஈ.சி.யு.வில் எழுதிவைத்த வரம்பு வரைக்கும்தான் பொறி முன்னேறும். வரம்பை 91-ல் ஏற்கெனவே தொட்டுவிட்ட வண்டிக்கு அதற்கு மேல் கிடைப்பது பூஜ்யம். டர்போ வண்டிகளிலும் வெளிநாட்டுப் பெரிய என்ஜின்களிலும் அந்த வரம்பை மேலே வைத்திருப்பார்கள். அங்கே உயர் ஆக்டேனுக்கு வேலை உண்டு. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி 100 கொண்டுவந்தபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். சாதாப் பெட்ரோல் அன்று 82 ரூபாயை ஒட்டி இருந்தது. அந்த மாதிரி வண்டிக்குத்தான் அது, நம்ம ஊர் ஹேட்ச்பேக்குக்கு அல்ல.

எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வரும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். விலை கூடிய பெட்ரோலில் இஞ்ஜக்டரைச் சுத்தமாக வைக்கும் மருந்தும் சேர்ப்பார்கள். அதற்குப் பயன் உண்டு. ஆனால் அது வேறு சமாச்சாரம், ஆக்டேன் கணக்கில் சேராது.

இ20 சொல்லும் சாட்சி

ஆக்டேன் வேறு, சக்தி வேறு என்று நான் சொன்னால் நம்பாத கஸ்டமர்கள்கூட இப்போது நம்புகிறார்கள். காரணம் எத்தனால். பி.எஸ். 2 காலத்தில் நம் பெட்ரோலின் தரம் 88, பி.எஸ். 6-ல் 91. இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 வந்ததும் 95 ஆகிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் விளக்கம் கொடுத்தது. எத்தனாலின் ஆக்டேன் 108-க்கும் மேல். தவிர அது ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகச் சூட்டை உறிஞ்சி, உள்ளே போகும் கலவையைக் குளிரவும் வைக்கிறது.

ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இருபது சதவீதம் கலந்தால் மொத்தச் சக்தியில் ஆறு, ஏழு சதவீதம் குறைகிறது. இ10-க்கு டியூன் செய்த பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் சொன்னது. இ20-க்கென்றே டியூன் செய்த கார்களில் இழப்பு 1, 2 சதவீதம். கூடின விகிதமும் முன்னேறின பொறியும் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுக் கொடுத்துவிடுகின்றன. ஆக்டேன் கூடியது, மைலேஜ் குறைந்தது. இரண்டும் ஒரே பெட்ரோலில்!

இதிலிருந்து கடையில் நிற்பவனுக்குக் கிடைக்கிற பாடம் இரண்டு. சாதாப் பெட்ரோலே 95 என்னும்போது, "95" என்ற எண்ணுக்காக மட்டும் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று கார்புரேட்டர் வண்டிகள் பற்றியது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. இ20-ல் எடைக்கு ஏறக்குறைய 7 சதவீதம். ஈ.சி.யு. உள்ள வண்டி ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. கலவை மெலிந்து போய், வண்டி ஏற்றத்தில் இருமும், சூடாகும். அங்கே ஜெட்டைக் கவனிக்க வேண்டும், ரப்பர் ஹோஸையும் ஓ-ரிங்கையும் மாற்ற வேண்டும். ஆக்டேன் குறைவென்று நினைத்து மேலும் விலை கூடிய பெட்ரோலை ஊற்றினால் ஒன்றும் மாறாது.

பெட்ரோலைக் குறை சொல்லும் முன்

வண்டி நாக் அடிக்கிறது என்று வந்தால் முதலில் பெட்ரோலை மாற்றச் சொல்லும் பழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. ஒரு கால்டாக்ஸிக்காரர் எட்டு மாதமாக விலை கூடின பெட்ரோலையே போட்டுக்கொண்டிருந்தார். யாரோ சொன்னார்களாம். சத்தம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. பார்த்தால் ரேடியேட்டர் இதழ்களுக்கிடையே பாதிக்கு மேல் சேறும் பூச்சியும் அப்பிக்கிடந்தது. ஏற்றத்தில் என்ஜின் கொதிக்கிற நிலைக்குப் போய்க்கொண்டிருந்தது. சுத்தம் செய்து, கூலன்ட் மாற்றிக் கொடுத்தேன். சாதாப் பெட்ரோலிலேயே சத்தம் இல்லை. மனிதர் சந்தோஷப்படவில்லை. பங்க் ரசீதுகளை எடுத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே வரிசையாகப் பாருங்கள். கூலிங், ப்ளக்கின் ஹீட் ரேஞ்ச், எரியறையில் கரி, இ.ஜி.ஆர். வால்வு, பழைய வண்டியானால் டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங். கரி படிந்தால் எரியறையின் இடம் சுருங்கி விகிதம் கூடுகிறது, சூடும் வெளியேறாது. புதிதில் 91-ல் அமைதியாக ஓடிய வண்டி லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு முனகுவது பெரும்பாலும் இதனால்தான். ஸ்கேனர் இருந்தால் ஓட்டிக்கொண்டே இக்னிஷன் அட்வான்ஸைப் பாருங்கள். பாரம் ஏறும்போது எண் சட்டென்று சரிந்தால் ஈ.சி.யு. நாக்கிங்கோடு போராடுகிறது என்று சந்தேகப்படலாம். நாக்கிங் ஊட்டியைவிட மேட்டுப்பாளையத்தில் அதிகமாக வரும் என்பதையும் மனதில் வையுங்கள். மேலே காற்று மெலிந்தது, சிலிண்டரில் அழுத்தமும் குறைவு. அமெரிக்காவில் கொலராடோ மாதிரி மலைப் பகுதிகளில் குறைந்த ஆக்டேனையே சாதாப் பெட்ரோலாக விற்பது இதனால்தான்.

இப்போது மேஜை மேலிருக்கும் பிஸ்டன். ஒரு பழைய மாருதி 800. வேறொரு கடையில் ஹெட் வளைந்துவிட்டதென்று இரண்டு தடவை இழைத்திருக்கிறார்கள். இழைத்த பிறகு விகிதம் என்ன ஆனது என்று யாரும் பார்க்கவில்லை. போதாததற்கு, "பிக்கப் வேணும்" என்று டைமிங்கையும் முன்னால் தள்ளிவிட்டார்கள். அடுத்த கோடையில் பிஸ்டன் போயிற்று. கணக்கு ஐந்து நிமிட வேலைதான். என்ஜின் 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஒன்றுக்கு 265.3 சி.சி. விகிதம் 8.7 என்றால் மேலே மிஞ்சும் இடம், 265.3-ஐ 7.7-ஆல் வகுக்க, 34.5 சி.சி. போர் 68.5 மில்லிமீட்டர். ஹெட்டில் அரை மில்லிமீட்டர் இழைத்தால், எரியறை போர் அளவுக்கே அகலம் என்று வைத்துக்கொண்டால், அதிகபட்சம் 1.84 சி.சி. போகும். மிச்சம் 32.6 சி.சி. விகிதம் 9.1 ஆகிவிடுகிறது. கூடவே டைமிங்கும் முன்னால் போனால் பெட்ரோலின் பொறுமைக்கு என்ன மிச்சம்?

அப்படி இழைத்த ஹெட்டுக்குக் கொஞ்சம் தடித்த கேஸ்கெட் கிடைத்தால் விகிதத்தைக் கீழே இறக்கலாம். மூன்றாம் வருட மாணவர்கள் போட்டுப் பாருங்கள். ஹெட்டை இழைக்காத அதே என்ஜினுக்கு அரை மில்லிமீட்டர் கூடுதல் தடிமனில் கேஸ்கெட் போட்டால் விகிதம் எவ்வளவு? எனக்கு 8.3 வந்தது.